மெகாவாட்டும் யூனிட்டும்: எரிசக்தி அரசியல் பேச வருபவர்களுக்கு

எங்கள் ஊர் நூலக மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை மாலை விவாதம் நடக்கும். மின்சாரம், எண்ணெய், பருவநிலை, அவற்றைச் சுற்றி நாடுகள் ஆடும் ஆட்டம், பெரும்பாலும் இவைதான் தலைப்பு. வருகிறவர்கள் கலவையான கூட்டம்: கல்லூரிப் பிள்ளைகள், பணி ஓய்வு பெற்றவர்கள், ஒரு புவியியல் டீச்சர், இரண்டு லாரி வைத்து ஓட்டும் ஒருவர். கருத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் முதல் நாள் ஆவேசமாகப் பேசி, நடுவில் ஒரு சின்னக் கேள்வியில் மாட்டிக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு வராமலே போனவர்கள் நிறைய. அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நானும் மாட்டியவன்தான். முதல்முறை பேசியபோது கம்பீரமாக ஒரு கணக்குச் சொன்னேன்: "முப்பந்தல் காற்றாலைகள் மட்டுமே சுமார் 1500 மெகாவாட். கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலையும் சேர்ந்து 2000. இன்னும் ஐந்நூறு மெகாவாட்டுக்குக் காற்றாலை நட்டால் அணு உலையே தேவையில்லை." கைத்தட்டல் கூட வந்தது. பின்வரிசையில் இருந்த, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "சரி தம்பி, வருஷத்துக்கு எத்தனை யூனிட்டு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதே அப்போது புரியவில்லை.

முதலில் தலைப்பைச் செதுக்குங்கள்

பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "அணுசக்தி வரமா, சாபமா?" என்றவுடன் நாக்கு துறுதுறுக்கும். பட்டிமன்றத்துக்கு அது நல்ல தலைப்பு. கடைசியில் நடுவர் இரண்டு பக்கத்தையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். கொள்கை விவாதத்துக்கு அது உதவாது. கொள்கை என்பது ஒரு குறிப்பிட்ட அரசு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், கையில் இருந்த பணத்தை வைத்து எடுத்த முடிவு. ஆகவே தலைப்பில் மூன்று விஷயம் தெரியவேண்டும்: யார், எப்போது, எதற்குப் பதிலாக.

"2022-க்குள் அணு உலைகளை மூடுவது என்று 2011-ல் ஜெர்மனி எடுத்த முடிவு சரியா?" இது தலைப்பு. "எதற்குப் பதிலாக" என்பதைத்தான் புதியவர்கள் மறப்பார்கள். உலையை மூடினால் அந்த இடத்தில் நிலக்கரியா, எரிவாயுவா, காற்றாலையா, அல்லது மின்சாரச் சிக்கனமா? இதைப் பேசாமல் உலையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசலாம். பேசி என்ன பயன்? இந்த ஜெர்மனி தலைப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

மெகாவாட்டையும் யூனிட்டையும் பிரித்துப் பழகுங்கள்

பெரியவரின் கேள்விக்கு வருவோம். தெருக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு அகலம் என்பது மெகாவாட். குடத்தில் எவ்வளவு விழுந்தது என்பது யூனிட். குழாய் பெரிதாக இருந்து என்ன செய்ய, தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால்?

ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கூடங்குளத்தின் 2000 மெகாவாட் என்பது 20 லட்சம் கிலோவாட். ஆண்டுக்கு 8760 மணி நேரம். நிற்காமல் ஓடினால் 1752 கோடி யூனிட். பராமரிப்புக்கும் எரிபொருள் மாற்றவும் நிறுத்துவார்கள், எண்பது விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம்: சுமார் 1400 கோடி யூனிட். முப்பந்தல் 1500 மெகாவாட். காற்று எப்போதும் அடிக்காது, ஆண்டு முழுவதுக்கும் சராசரியாகத் திறனில் கால்வாசி என்று தாராளமாகவே வைத்தாலும் 330 கோடி யூனிட்தான். நான் ஏறக்குறைய சமம் என்று சொன்ன இரண்டும் உண்மையில் நாலுக்கு ஒன்று.

இதோடு நிறுத்திவிட்டால் காற்றாலைப் பக்கம் தோற்றது போல் தோன்றும். மேலே போடுங்கள். அந்த 1400 கோடி யூனிட்டைக் காற்றிலிருந்து எடுக்க எவ்வளவு நடவேண்டும்? சுமார் 6400 மெகாவாட். தமிழ்நாடு முழுக்க இருக்கும் காற்றாலைகள் ஏற்கெனவே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. அதாவது என் பக்கத்தில் பேசுவதற்கு விஷயம் இருந்தது. என் கணக்குதான் தப்பு. சரியான கணக்கோடு போயிருந்தால் பெரியவருக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

அவர் அடுத்து கேட்டிருக்கக்கூடிய கேள்வி இன்னும் கூர்மையானது: எப்போது? ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சரி, மார்கழியில் என்ன பறக்கும்? தமிழகக் காற்றாலைகள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்தை நம்பியவை. சூரியத் தகடு மதியம் கொட்டும், வீட்டில் எல்லாரும் விளக்கையும் ஏசியையும் போடும் இரவு ஏழு மணிக்குக் கையை விரிக்கும். அணு உலைக்கு நேர் எதிர்ச் சிக்கல்: அதைச் சட்டென்று கூட்டிக் குறைப்பது சிரமம். ஆகவே "எத்தனை மெகாவாட், எத்தனை யூனிட், எந்த நேரத்தில்" என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழகுங்கள்.

இது ஏதோ தொழில்நுட்ப நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். பெரிய தலைப்புச் செய்திகளே இதில்தான் ஓடுகின்றன. இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரியும் எரிவாயுவும் அல்லாத வழிகளில் இருந்து என்று 2025-ல் அரசு அறிவித்தது. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னாலேயே எட்டியாயிற்று. முழு உண்மை. அதே ஆண்டில் நாட்டில் உற்பத்தியான மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரியில் இருந்து வந்தது. இதுவும் முழு உண்மை. முதலாவது குழாய்க் கணக்கு, இரண்டாவது குடக் கணக்கு. ஆளுங்கட்சிக்காரர் ஒன்றைச் சொல்வார், எதிர்ப்பவர் மற்றொன்றைச் சொல்வார், இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யர் என்பார்கள். நீங்கள் எழுந்து இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு கணக்கு என்று சொன்னால் போதும், அறை அமைதியாகிவிடும். அன்றைக்கு நீங்கள்தான் நடுவர்.

இன்னொரு குழி: மின்சாரம் வேறு, எரிசக்தி வேறு. லாரியில் எரியும் டீசல், சிமெண்ட் சூளை, சமையல் எரிவாயு எல்லாம் எரிசக்தி. உலகம் கடைசியாகப் பயன்படுத்தும் எரிசக்தியில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். "ஜெர்மனி பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறிவிட்டது" என்று யாராவது சொன்னால், மின்சாரத்திலா என்று கேளுங்கள். 2023-ல் அவர்கள் பயன்படுத்திய மின்சாரத்தில் பாதிக்கு மேல் அப்படித்தான். மொத்த எரிசக்தியில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

யூனிட் கணக்கில் அடங்காத கேள்விகள்

கணக்கு கைவந்ததும் ஒரு திமிர் வரும். எனக்கும் வந்தது. எல்லாவற்றையும் எண்ணில் அடித்துவிடலாம் என்று தோன்றும். 2011-லும் 2012-லும் கூடங்குளம் உலையை எதிர்த்து இடிந்தகரையில் உட்கார்ந்திருந்த மீனவக் குடும்பங்களிடம் போய் 1400 கோடி யூனிட் என்று சொன்னால் அது பதிலாகாது. உலையிலிருந்து வெளியேறும் வெந்நீர் கடலில் கலந்தால் மீன்பாடு என்னவாகும், விபத்து நடந்தால் முதலில் ஊரைக் காலிசெய்வது யார், எங்களைக் கேட்டது யார் என்பவை அவர்கள் கேள்விகள். முதலாவது ஆய்வு செய்து விடை காண வேண்டியது. கடைசி இரண்டும் அப்படியல்ல. அவை நியாயம் பற்றியவை. போராடியவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குப் போட்டதும், 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உலையை அனுமதித்ததும் இந்த விவாதத்தின் பகுதிதான்.

அதனால் குறிப்பு எழுதும்போது நான் தாளை மூன்றாக மடிப்பேன். ஒரு பத்தியில் நடந்தது. இரண்டாவதில் நடக்கும் என்று யாரோ கணித்தது. மூன்றாவதில் எது முக்கியம் என்பதைப் பற்றிய என் விருப்பு வெறுப்பு. எதிராளி சொல்வதையும் இதே பத்திகளில் போடுவேன். மூன்றாம் பத்திச் சண்டைக்கு முதல் பத்தி எண்ணை வீசினால் கூச்சல்தான் மிஞ்சும்.

கரியமில வாயுவில் யார் குற்றவாளி?

இங்கே மூன்று தராசு உண்டு. எதில் நிறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் குற்றவாளி மாறுவார்.

எரிபொருள் எரிப்பதாலும் ஆலைகளாலும் உலகம் ஆண்டுக்குச் சுமார் 3700 கோடி டன் கரியமில வாயு விடுகிறது. மொத்தக் கணக்கில் சீனா முதலிடம், 30 விழுக்காட்டுக்கு மேல். அமெரிக்கா 13 அருகில், இந்தியா 8 அருகில். தலைக்கு எவ்வளவு என்று பிரித்தால், அமெரிக்கர் சுமார் 14 டன், சீனர் 8 டன்னுக்கு மேல், இந்தியர் 2 டன். கத்தார் மாதிரிச் சின்ன நாடு 30 டன்னைத் தாண்டி உச்சியில் நிற்கும், ஆனால் மொத்தத்தில் அது எங்கோ கீழே. மூன்றாவது, தொழிற்புரட்சியில் இருந்து இன்று வரை சேர்ந்தது. கரியமில வாயு நூற்றாண்டுக்கணக்கில் வளிமண்டலத்தில் தங்குவதால் இந்தப் பழைய பாக்கிக்கு அர்த்தம் உண்டு. அதில் அமெரிக்கா ஒன்றே கால்வாசி, சீனா அதற்குப் பின்னால், இந்தியா மூன்று நான்கு விழுக்காடு.

டெல்லி பேசும்போது இரண்டாவது, மூன்றாவது தராசு. வாஷிங்டன் பேசும்போது முதல் தராசு. மாலத்தீவைக் கேட்டால், தராசை எடுத்து ஓரம் வையுங்கள், கடல் ஏறுகிறது என்பார்கள். எனக்கு மூன்றாவது தராசுதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு "எனவே நாம் எவ்வளவு நிலக்கரி வேண்டுமானாலும் எரிக்கலாம்" என்று முடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வெயிலில் சாலைக்குத் தார் போடும் கூலித் தொழிலாளிக்குப் பழைய பாக்கிக் கணக்கு நிழல் தராது.

வினைச்சொல்லைப் படியுங்கள்

உலக ஒப்பந்தங்களில் உயிர் வினைச்சொல்லில் இருக்கிறது. 2021 நவம்பர், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின் கடைசி நாள். நிலக்கரி மின்சாரத்தைப் "படிப்படியாக ஒழிப்பது" என்று வரைவில் இருந்தது. இந்தியா எழுந்து "படிப்படியாகக் குறைப்பது" என்று மாற்றச் சொன்னது, சீனாவும் அந்தப் பக்கம். மாற்றப்பட்டது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுத் தழுதழுத்தார். மறுநாள் மேற்கத்திய நாளேடுகளில் இந்தியா வில்லன். ஆனால் இந்தியாவின் ஆட்சேபத்தில் ஒரு நியாயம் இருந்தது: ஏழை நாடுகள் எரிக்கும் நிலக்கரிக்குப் பெயர் சொல்லி வினைச்சொல், பணக்கார நாடுகள் எரிக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அப்படி எதுவும் இல்லையே? அவற்றையும் உள்ளடக்கிய புதைபடிவ எரிபொருள்களிலிருந்து "விலகிச் செல்வது" என்ற வாசகம் வர 2023 துபாய் மாநாடு வரை ஆனது.

அதேபோல் கையெழுத்து வேறு, நாடாளுமன்ற ஒப்புதல் வேறு. 1997 கியோட்டோ பருவநிலை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்டது, கடைசி வரை ஒப்புதல் தரவில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்தது, 2020-ல் வெளியேறியது, 2021-ல் திரும்பச் சேர்ந்தது, 2025 ஜனவரியில் மறுபடி வெளியேறுவதாக அறிவித்தது. "அமெரிக்கா ஒப்புக்கொண்டது" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு என்று கேட்பது கிண்டல் அல்ல.

எண்ணைச் சொன்னவர் யார் வீட்டுப் பிள்ளை?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒபெக் 1960-ல் எண்ணெய் விற்கும் நாடுகள் அமைத்தது. சர்வதேச எரிசக்தி முகமை 1974-ல், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எண்ணெய் வாங்கும் பணக்கார நாடுகள் அமைத்தது. எண்ணெய்த் தேவை 2030-க்குள் உச்சம் தொடும் என்று முகமை 2023-ல் சொன்னது. அதெல்லாம் இல்லை, இன்னும் பல பத்தாண்டு வளரும் என்றது ஒபெக். விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்கும் ஆசை உண்டு. ஆசை இருப்பதால் எண் பொய் என்று ஆகாது. ஆனால் இரண்டும் கணிப்பு, உங்கள் தாளில் இரண்டாவது பத்தியில்தான் இடம். சூரிய மின்சாரம் எவ்வளவு வேகமாக வளரும் என்பதில் முகமையே பல ஆண்டுகள் குறைத்துக் கணித்துத் தப்புப் பண்ணியிருக்கிறது. நடந்ததைத் தெரிந்துகொள்ள, நம் நாட்டுக்கு மத்திய மின்சார ஆணையத்தின் மாதாந்திர அறிக்கை இருக்கிறது. சலிப்பூட்டும் அட்டவணைகள்தான். விவாதத்தில் அவைதான் கைகொடுக்கும்.

இப்போது ஜெர்மனி: ஒரு முழுச் சுற்று

புதியவர்களுக்கு நான் எப்போதும் இந்தத் தலைப்பைத் தருவேன். காரணம், இரண்டு பக்கத்திலும் சரக்கு இருக்கிறது, நம் கட்சி அரசியல் உள்ளே நுழையாது.

நடந்தது இது. 2000-ல் சான்சலர் (நம் பிரதமர் மாதிரி) ஷ்ரோடரின் அரசு மின் நிறுவனங்களோடு பேசி அணு உலைகளைப் படிப்படியாக மூட ஒப்பந்தம் போட்டது, 2002-ல் சட்டம். 2010-ல், அவருக்குப் பின் சான்சலரான மெர்க்கெலின் அரசு அதைத் தளர்த்தி உலைகளுக்கு ஆயுள் நீட்டித்தது. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் ஆழிப்பேரலை, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. சில மாதங்களில் அதே மெர்க்கெல் அரசு தலைகீழாகத் திரும்பியது: அப்போதிருந்த 17 உலைகளில் எட்டு உடனே நின்றன, மீதி 2022-க்குள் என்று தீர்மானம். உக்ரைன் போரால் சில மாதம் தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 15-ல் கடைசி மூன்று உலைகளும் நின்றன.

ஃபுகுஷிமாவைத் தொடும்போது ஒரு எச்சரிக்கை. அன்று ஜப்பானில் இறந்தோரும் காணாமல் போனோரும் 18,000-க்கு மேல். கிட்டத்தட்ட அத்தனையும் ஆழிப்பேரலை எடுத்த உயிர்கள். கதிர்வீச்சால் நேர்ந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு மரணம். இதைக் கலந்து பேசினால் அங்கேயே விழுவீர்கள். மறுபக்கம், "ஒருவர்தானே" என்று சிரிப்பவரும் விழவேண்டியவரே: ஒன்றரை லட்சம் பேர் வீட்டை விட்டுப் போனார்கள், அந்த இடப்பெயர்வின் அலைச்சலாலும் நோயாலும் ஃபுகுஷிமா மாவட்டத்தில் இறந்ததாகப் பதிவானவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

மூடியது தப்பு என்னும் அணி என்ன சொல்லும்? உலையில் கரியமில வாயு வராது. ஓடிக்கொண்டிருந்த உலை, கட்டிய காசு ஏற்கெனவே வசூலாகிவிட்டது. அதை 2023-ல் நிறுத்திவிட்டு, நிலக்கரியை நிறுத்த 2038 வரை கெடு வைத்தால் வரிசை தலைகீழ் இல்லையா? கேட்க வலுவான வாதம்.

மூடியது சரி என்னும் அணி சும்மா இருக்காது. 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் எழுந்த கதிரியக்க மேகம் ஜெர்மனி மீதும் மழையாக இறங்கியது. பவேரியக் காடுகளில் வேட்டையாடும் காட்டுப்பன்றி இறைச்சியை இன்றும் கதிரியக்கச் சோதனை செய்துதான் விற்கிறார்கள். அணுக்கழிவை நிரந்தரமாகப் புதைக்க இன்னும் இடம் முடிவாகவில்லை. அதற்காகப் பல பத்தாண்டு சண்டை நடந்த கோர்லேபன் என்ற இடத்தை 2020-ல் பட்டியலில் இருந்தே எடுத்துவிட்டார்கள். அப்புறம் அவர்களின் துருப்புச்சீட்டு: அணுவை மூடினால் நிலக்கரி ஏறும் என்றீர்களே, 2010-ல் மின் உற்பத்தியில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்த நிலக்கரி 2023-ல் கால்வாசிக்கு இறங்கிவிட்டதே?

இங்கேதான் புதியவர்கள் திகைத்து நிற்பார்கள். எதிரணி எண்ணும் உண்மை, நம் எண்ணும் உண்மை. என்ன செய்வது?

ஒப்பிடும் இடத்தைப் பாருங்கள். மூடியது சரி என்பவர் இன்றைய ஜெர்மனியை நேற்றைய ஜெர்மனியோடு ஒப்பிடுகிறார். நேற்றை விட நிலக்கரி குறைவு, சரிதான். தப்பு என்பவர், நடந்த ஜெர்மனியை நடந்திருக்கக்கூடிய ஜெர்மனியோடு ஒப்பிடுகிறார். அத்தனை காற்றாலையும் வந்து, உலைகளும் ஓடியிருந்தால், நிலக்கரி இன்னும் வேகமாக இறங்கியிருக்குமே என்கிறார். அதுவும் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதற்கு அவர் ஒன்றை நிரூபிக்க வேண்டும்: உலைகள் ஓடிக்கொண்டிருந்தால் காற்றாலைக்கு அத்தனை அவசரமும் பணமும் வந்திருக்குமா? உலை மூடப்போகிறது என்ற நெருக்கடியே மற்றதை வளர்த்தது என்று எதிரணி சொன்னால் என்ன பதில்? விவாதம் உண்மையில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இதற்கு முன் பேசியதெல்லாம் முன்னுரை.

ரஷ்ய எரிவாயுவையும் கட்டாயம் இழுப்பார்கள். "உலையை மூடியதால்தான் புதினிடம் மாட்டினார்கள்." கேட்க அழகாக இருக்கும். 2021-ல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவில் இருந்து வந்ததும் உண்மை. ஆனால் அந்த எரிவாயு எங்கே போனது? பெரும்பகுதி வீடுகளைச் சூடாக்கவும் ரசாயன ஆலைகளுக்கும். அந்த நாட்டு வீடுகளில் ஏறக்குறைய பாதி எரிவாயுவில்தான் குளிர் காய்கின்றன. அணு உலை தருவது மின்சாரம். எரிவாயுக் கொதிகலனுக்குள் மின்சாரத்தை ஊற்ற முடியாது. மின்சாரம் வேறு, எரிசக்தி வேறு என்று மேலே சொன்னது இங்கே பயன்படும். அதற்காக வாதம் முழுக்கப் பொய்யும் அல்ல. எரிவாயுவில் ஒரு பகுதி மின் உற்பத்திக்கும் போனது, அந்தப் பகுதியை உலைகள் மிச்சப்படுத்தியிருக்கும். "கொஞ்சம் சரி" என்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு என்று அளந்து காட்டுங்கள்.

அணு உலையே நம்பகமானது என்று சொல்லப் புறப்படுபவருக்கு 2022-ன் பிரான்ஸ் காத்திருக்கிறது. மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அணுவில் எடுக்கும் நாடு. அந்த ஆண்டு குழாய்களில் அரிப்பு விரிசல் கண்டு பல உலைகளை ஒரே சமயத்தில் நிறுத்த, நாற்பது ஆண்டுக்குப் பின் முதல்முறையாக, விற்றதை விட அதிகம் மின்சாரம் வாங்கியது.

என் கட்சி என்ன என்று கேட்பார்கள். மூடுவதைப் பற்றிப் புகாரில்லை, வரிசை தப்பு என்பது என் எண்ணம்: நிலக்கரி முதலில், அணு பிறகு. டீச்சருக்கு நேர் எதிர்க் கருத்து. நாலு தடவை மோதியிருக்கிறோம், இரண்டுக்கு இரண்டு.

கூட்டத்தில் நிற்கும்போது

ஒரு தாளுக்கு மேல் கொண்டுவராதீர்கள். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டாலே எதிராளிக்குத் தைரியம் வந்துவிடும். எதிரணியின் வாதத்தை முதலில் உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் "ஆமாம், அதுதான்" என்று தலையாட்டிய பிறகு பதிலைத் தொடங்குங்கள். தலையாட்டாவிட்டால் உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பக் கேளுங்கள். எண்ணைச் சொல்லும்போது ஆண்டோடு சொல்லுங்கள். ஆண்டு இல்லாத எண் ஊசிப்போன சாம்பார் மாதிரி, எப்போது வைத்தது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைக் கேட்டால் "பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் சார்" என்று சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், சொன்னபடி அடுத்த கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள். அந்தப் பெரியவரிடம் நான் அப்படித்தான் 330 கோடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "கால்வாசின்னு போட்டது கொஞ்சம் தாராளம்" என்றார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதையெல்லாம் முயல வேண்டாம். அங்கே மாமாவிடம் தராசைத் தூக்கினால் பொங்கலுக்குத்தான் பேச்சு திரும்பும்.

வரும் முன் ஒரு பயிற்சி

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி வாக்கில் இலங்கை முழுக்க மின்சாரம் போனது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர். ஊரே சிரித்தது. ஞாயிறு என்பதால் தேவை குறைவு, வெயிலில் சூரிய மின்சாரம் அதிகம், ஆகவே மின் கட்டமைப்பு ஏற்கெனவே தள்ளாடும் நிலையில் இருந்தது என்று மின்சார சபை விளக்கம் சொன்னது. அதே ஆண்டு ஏப்ரல் 28, ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. சூரிய மின்சாரத்தால்தான் என்று அன்று மாலையே பாதி உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஜூனில் வந்த ஸ்பெயின் அரசின் அறிக்கையோ, மின்னழுத்தம் கட்டுமீறி ஏறியதே காரணம், அதை அடக்கத் திட்டமிட்டதில் கட்டமைப்பை நிர்வகிப்பவர்களும், அடக்கும் பொறுப்பில் இருந்த வழக்கமான மின் நிலையங்களும் தவறின என்றது.

தாளை மூன்றாக மடித்து, "தீவு நாட்டில் கூரை சூரிய மின்சாரத்துக்கு உச்சவரம்பு வேண்டுமா?" என்று தலைப்பிட்டு, வேண்டும் என்று அரைப் பக்கம், வேண்டாம் என்று அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் பக்கம் பேசுவது என்பதை அங்கே சீட்டுக் குலுக்கித்தான் தருவோம். குரங்கை மட்டும் கேலி செய்து நேரத்தை ஓட்டுபவர்களுக்கு டீ கிடையாது.